கண்ணாடிக் கட்டடத்துக்கு மூச்சு வாங்குது



இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்ல. கட்டடம் பத்தி ஒரு நீள் இழை. "எம்பிபிஎஸ் படிச்ச உங்களுக்கு பில்டிங்ல என்ன வேலை டாக்டர்"னு கேட்கத் தோணும். கேளுங்க, பரவாயில்ல. ஆபீஸ் போற ஒரு ஆளு தூங்குற நேரம் போக மிச்ச நாள்ல பெரும்பகுதியை ஒரு கட்டடத்துக்குள்ளதான் கழிக்கிறார். அவரோட கண்ணு, நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் அங்கேயேதான் ஷிஃப்ட் பார்க்குது. அதனால எனக்கும் இதுல கொஞ்சம் வேலை இருக்கு.

எனக்கு வீடு கோவளம். வேலை தாம்பரம் பக்கம் ஓர் அரசு மருத்துவமனை. தினமும் உப்பளத்தைத் தாண்டி, கேளம்பாக்கத்துல ஓஎம்ஆரைக் கடந்து, வண்டலூர் ரோட்டைப் பிடிக்கணும். உப்பளத்துல இருந்து பார்த்தா சிறுசேரி பக்கம் உயரமான கட்டடங்கள் வரிசையா தெரியும். காலை வெயில் அதுங்க மேல பட்டுத் திரும்பி வண்டி ஓட்டுறவன் கண்ணுல அடிக்கும். ஓஎம்ஆர் முழுக்க இப்ப இந்த மாதிரிதான். உச்சி முதல் பாதம் வரை கண்ணாடி. வாசல்ல "பசுமைக் கட்டடம்"னு ஒரு தகடு.

அந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள்ள ஒரு கேள்வி ஓடும். இந்த ஊர் வெயில்ல கண்ணாடிப் பெட்டி எப்படிங்க பசுமை ஆகும்?

முதல்ல வெயில் கணக்கு. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி. ஏப்ரல் 24 வாக்குல ஒரு நாள், ஆகஸ்ட் 18 வாக்குல ஒரு நாள், நடுப்பகல்ல சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வரும். நிழலே விழாது. ஸ்கூல் பசங்க பாட்டில் நிக்க வச்சு பார்ப்பாங்களே, அதான். நமக்கு சூரியன் எப்பவுமே ரொம்ப உயரத்துல. அதனால தெற்குச் சுவரையும் வடக்குச் சுவரையும் காப்பாத்த ஒரு சின்ன சன்ஷேடு போதும். கஷ்டம் கிழக்கும் மேற்கும்தான். காலையிலயும் சாயங்காலமும் வெயில் சாய்வா வந்து நேரா சுவர்ல மோதும். சன்ஷேடுக்குக் கீழே புகுந்து உள்ள வந்துரும்.

மேற்கு பார்த்த சுவர்ல மார்ச், ஏப்ரல் மாச மதியம் ஒரு சதுர மீட்டருக்கு 600, 700 வாட் வெயில் விழும். உங்க வீட்டு அயர்ன் பாக்ஸ் 1000 வாட். நல்ல கோட்டிங் போட்ட கண்ணாடிகூட அந்த வெயில்ல கால்வாசியை உள்ள விடும். 20 மாடி மேற்குச் சுவர் முழுக்க இதைப் பெருக்கிப் பாருங்க. அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி ஓடணும், ஏசிக்கு கரண்ட் வேணும்.

இதுல ஒரு வேடிக்கை. வெளிச்சம் வரும்னு சொல்லித்தான் கண்ணாடி வைக்கிறாங்க. உள்ள போய் பாருங்க. கூச்சம் தாங்காம பிளைண்ட்ஸை இறக்கிவிட்டு லைட்டைப் போட்டு உட்கார்ந்திருப்பாங்க. கண்ணாடி ஓரம் இருக்கிறவருக்கு வேர்க்கும். அவருக்காக ஏசியை 20ல வச்சா நடு ஹால்ல இருக்கிற பொண்ணு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும். ஒரே ஹால்ல கோவளமும் கொடைக்கானலும்.

கண்ணாடி உள்ள விடாத வெயில் எங்க போகும்னு நாம யோசிக்கிறதில்ல. தெருவுக்குத்தான் வரும். லண்டன்ல ஃபென்சர்ச் தெருவுல 20ஆம் எண் கட்டடம், செல்லமா "வாக்கி டாக்கி"ம்பாங்க. உள்வளைஞ்ச கண்ணாடி முகப்பு. 2013ல அது வெயிலைக் குவிச்சு, கீழ நிறுத்தியிருந்த ஒரு ஜாகுவார் காரோட பாகங்களை உருக்கிருச்சு. லண்டன் வெயிலுக்கே இந்தக் கதி. அப்புறம் செலவு பண்ணி வெளிப்பக்கம் நிழல் தடுப்பு மாட்டினாங்க.

நம்ம ஊர்ல கண்ணாடிக்குக் கீழே நிக்கிறது ஜாகுவார் இல்ல. செக்யூரிட்டி அண்ணன்.

போன வருஷம் கத்திரி வெயில்ல ஒருத்தர் ஓபிக்கு வந்தார். ஐம்பது வயசுக்கு மேல. ஓஎம்ஆர்ல ஏதோ ஒரு ஆபீஸ் வாசல்ல 12 மணி நேர டூட்டி. நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, தலைசுத்தல். ரத்தம் எடுத்துப் பார்த்தா கிரியாட்டினின் ஏறியிருக்கு.

"அண்ணே, ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

"குடிச்சா பாத்ரூம் போகணும் சார். ஆள் மாத்திவிட ஆள் இல்ல. அதனால டூட்டில குடிக்கிறதே இல்ல."

"நிழல் இருக்குதா நிக்கிற எடத்துல?"

"மதியம் வரைக்கும் இருக்கு. அப்புறம் முன்னாடி ரோட்டுலயும் வெயில், முதுகுப் பக்கம் கண்ணாடியிலயும் வெயில். ரெண்டு பக்கமும் வேகும் சார்."

உடம்பு சூட்டைத் தணிக்க வேர்வையா தண்ணி போகும். உள்ள போற தண்ணி கம்மின்னா ரத்தம் சுண்டும், சிறுநீரகத்துக்குப் போற ஓட்டம் குறையும், சிறுநீர் கெட்டியாகும், கல் உருவாகும். ஒரு நாள் நடந்தா ஓஆர்எஸ் கரைசல்ல சரியாகிரும். ஒவ்வொரு கோடையும் தினமும் நடந்தா சிறுநீரகம் மெதுவா தழும்பாகும். அவருக்கு மாத்திரை எழுதினேன், தண்ணி அளவு எழுதிக் கொடுத்தேன். நிழலை எந்தச் சீட்டுல எழுதறது?

சரி, உள்ள இருக்கிறவங்க கதைக்கு வருவோம். அது காத்து சம்பந்தப்பட்டது.

1973ல எண்ணெய் நெருக்கடி வந்துச்சு. அமெரிக்காவுல கட்டடச் செலவைக் குறைக்க ஜன்னல்களை இறுக்கி மூடினாங்க. வெளிக்காத்தை உள்ள எடுத்தா அதைக் குளிர வைக்கவோ சூடாக்கவோ செலவு ஆகுதே. அதனால ஒரு ஆளுக்கு நிமிஷத்துக்கு 5 கன அடி வெளிக்காத்து போதும்னு அவங்க ஏசி இன்ஜினியர் சங்கத்து விதியையே இறக்கினாங்க. கொஞ்ச வருஷத்துல ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குக் கண் எரிச்சல், தொண்டை வறட்சி, தலைவலி, சோர்வு. வீட்டுக்குப் போனா சரியாகிரும். திங்கட்கிழமை திரும்ப வரும். உலக சுகாதார நிறுவனம் 1980கள்ல இதுக்கு "நோயுற்ற கட்டட நோய்க்குறி"ன்னே பேர் வச்சுச்சு. 1989ல அந்த விதியைத் திரும்ப 15 கன அடிக்கு ஏத்தினாங்க. அதாவது மூணு மடங்கு.

இது வெறும் தலைவலி விஷயம் இல்லைன்னு 2020 மார்ச்ல தெரிஞ்சுச்சு. தென்கொரியா, சியோல். 19 மாடிக் கட்டடம். 11ஆவது மாடியில கால் சென்டர். அந்த மாடியில 216 பேர் வேலை பார்த்தாங்க, 94 பேருக்குக் கொரோனா. கட்டடம் முழுக்கப் பார்த்தாலும் மொத்தம் 97 பேருக்குத்தான். அதே லிஃப்ட், அதே வாசல். ஆனா நோய் பெரும்பாலும் ஒரே மாடியில, அதுலயும் ஒரே பக்கத்து சீட்டுகள்ல குவிஞ்சது. நெருக்கமா உட்கார்ந்து, நாள் முழுக்கப் பேசி, ஒரே காத்தைப் பங்கு போட்ட இடம். அந்த வரைபடத்தைப் பார்த்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது எங்க டிபி வார்டு பாடம்தான்.

தாம்பரம்காரங்களுக்கு ஒரு கேள்வி. "சானடோரியம்"னு ஒரு ஸ்டேஷன் இருக்கே, ஏன் அந்தப் பேர்? தினமும் அங்க இறங்குற பல பேருக்குத் தெரியாது. 1928ல டாக்டர் சௌரிமுத்து அங்க ஒரு காசநோய் சானடோரியம் ஆரம்பிச்சார். இங்கிலாந்துல மெண்டிப் மலைப் பகுதியில சானடோரியம் நடத்திட்டு வந்தவர். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிச்சது 1943ல. அதுக்கு முன்னாடி வைத்தியம்னா ஓய்வு, சத்தான சாப்பாடு, திறந்த காத்து. மரங்களுக்கு நடுவுல வார்டு, எதிரெதிரா ஜன்னல். இன்னைக்கு அதுதான் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

பழைய காலத்து நம்பிக்கைன்னு தள்ளிராதீங்க. 2007ல பெரு நாட்டு லிமா நகர ஆஸ்பத்திரிகள்ல அளந்து பார்த்தாங்க. மெஷின் வச்சு காத்து விட்ட புது அறைகள்ல மணிக்கு 12 தடவை காத்து மாறுச்சு. ஜன்னல் கதவைத் திறந்து வச்ச அறைகள்ல சராசரி 28 தடவை. 1950க்கு முந்தின, கூரை உயரமான பழைய வார்டுகள்ல 40. டிபி தொத்துற வாய்ப்பு அங்கதான் ரொம்பக் கம்மி. நம்ம ஊர் பழைய ஆஸ்பத்திரி கட்டினவங்க ஏன் அவ்ளோ உயரமா கூரை போட்டாங்கன்னு இப்ப புரியுதா?

ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு. அதை மறைச்சுட்டுப் பேசினா நியாயம் இல்ல. சென்னைக் காத்து சூடும் ஈரமும் கலந்தது. 15ஆவது மாடியில உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்கு மே மாசம் ஜன்னலைத் திறந்து விட்டா வேலை ஓடாது. வெளிக்காத்தை மெஷின் வழியா எடுத்தா அதோட ஈரத்தைப் பிழியவே தனியா கரண்ட் போகும். அதனால பில்லைக் குறைக்க நினைக்கிற எந்த மேனேஜரும் முதல்ல கை வைக்கிறது வெளிக்காத்து டேம்பர்லதான். 1973 கதை திரும்பவும்.

என் கட்சி இதுதான்: வெயிலை வெளியிலேயே நிறுத்தி கரண்டை மிச்சம் பண்ணுங்க. மிச்சமான கரண்டை மூச்சுக்காத்துக்குச் செலவு பண்ணுங்க. கண்ணாடிப் பெட்டி இதுக்கு நேர் எதிரா செய்யுது. வெயிலை உள்ள விட்டுட்டு காத்துல மிச்சம் பிடிக்குது.

உயரமான கட்டடத்துல இது நடக்குமான்னு கேட்டா, நமக்குப் பக்கத்துலயே நடந்திருக்கு. கொழும்புல ஜெஃப்ரி பாவா 1976ல வடிவமைச்ச அரசு அடமான வங்கிக் கட்டடம். 12 மாடி. காத்து எந்தப் பக்கம் வருதோ அதைப் பிடிக்கிற மாதிரி நீளவாக்குல, ஒல்லியா திருப்பி வச்சார். ஜன்னலோட சேர்த்தே காத்து வழிகள். "பசுமைக் கட்டடம்"ங்கிற வார்த்தை, தகடு, புள்ளி எதுவும் வராத காலம் அது. (மதுரையில பழைய மதுரா கிளப் கட்டடம் பார்த்திருப்பீங்க, இப்ப ஹோட்டல். அதுவும் பாவா கைவேலைதான். மதுரைக்காரங்க ஒரு காபி குடிக்கிற சாக்குலயாவது போய் பாருங்க.)

இன்னொண்ணு மலேசியா. சுபாங் ஜெயாவுல மெனாரா மெசினியாகா. ஐபிஎம் ஏஜென்சிக்காக கென் யாங் வடிவமைச்ச 15 மாடி ஆபீஸ், 1992ல முடிஞ்சது. 1995ல ஆகா கான் விருது வாங்குச்சு. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ரொம்ப சாதாரணமானது. லிஃப்ட், படிக்கட்டு, டாய்லெட் எல்லாத்தையும் வெயில் அடிக்கிற கிழக்குப் பக்கமா தள்ளிட்டார். நாள் முழுக்க உட்காராத இடங்கள் வெயிலைத் தாங்கிக்கும், உள்ள உட்காருறவங்களுக்கு அது குடை. அந்த லிஃப்ட் லாபிக்கும் டாய்லெட்டுக்கும் இயற்கையா காத்தும் வெளிச்சமும் வரும். மத்த சூடான பக்கங்களுக்கு வெளிப்பக்கம் அலுமினியத் தட்டிகள். செடி வச்ச மாடித் திண்ணைகள் சுருள் சுருளா மேல ஏறும்.

திண்ணைன்னு நான் சொல்றேன், அவர் வேற பேர் வச்சிருப்பார். ஆனா நம்ம தாத்தா வீட்டுல வெயிலுக்கும் ஹாலுக்கும் நடுவுல எது நின்னுச்சோ அதேதான் அங்க 15 மாடி ஏறியிருக்கு.

இங்கயும் விதி இல்லாம இல்ல. மத்திய அரசோட எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007லயே வந்துச்சு. நேர்வழியில போனா வெளிச்சுவர்ல ஜன்னல் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆனா இன்னொரு வழியும் இருக்கு. கட்டடம் மொத்தமா எவ்ளோ மின்சாரம் இழுக்கும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, மாதிரிக் கட்டடத்தை விடக் கம்மின்னு காட்டினா கண்ணாடி கூடப் போனாலும் பாஸ். ஏசி மெஷின் உசத்தியா வாங்கி கணக்கைச் சரிக்கட்டிரலாம்.

தகடும் அப்படித்தான். லீட் முறையில மொத்தம் 110 புள்ளி. 60 வாங்கினா தங்கம், 80க்கு பிளாட்டினம். தண்ணி, இடம், பொருள், மின்சாரம்னு எங்க வேணும்னாலும் புள்ளி சேர்க்கலாம். தப்பான முறைன்னு சொல்ல மாட்டேன், அது வந்த பிறகுதான் பல பில்டர்கள் கழிவுநீர் சுத்திகரிப்பையே சீரியஸா எடுத்தாங்க. ஆனா பல கட்டடங்கள் அந்தச் சான்றை வாங்குறது குடியேறும்போது ஒரே ஒரு தடவை. வேலைக்குச் சேரும்போது நாங்க கையெழுத்துப் போடுற ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் மாதிரி. 25 வயசுல வாங்கின ஃபிட்னஸை ஃபிரேம் போட்டு மாட்டிட்டு, 45 வயசு வரைக்கும் பிரஷரே பார்க்காத ஆளை உங்களுக்குத் தெரியும்தானே? கட்டடத்துக்கு பிரஷர் பார்க்கிறதுன்னா வருஷா வருஷம் கரண்ட் பில், தண்ணி பில், உள்காத்து அளவு. அதை எந்த ஆபீஸ் வாசல்லயும் ஒட்டி நான் பார்த்ததில்ல.

தண்ணின்னதும் கோவளத்துக்காரன் வாயை அடக்க முடியாது. மன்னிச்சுக்கோங்க.

2019 ஜூன்ல ஓஎம்ஆர் கம்பெனிகள் தண்ணி இல்லாம ஊழியர்களை வீட்டுல இருந்து வேலை பார்க்கச் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க ஊருக்குத் தெற்கே நெம்மேலியில 2013ல இருந்து கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை ஓடுது, நாளைக்கு 10 கோடி லிட்டர். 2024ல இன்னும் 15 கோடி லிட்டருக்குப் பக்கத்துலயே ரெண்டாவது ஆலை. பொதுவா இந்த முறையில 1000 லிட்டர் தண்ணி எடுக்க மூணு, நாலு யூனிட் கரண்ட் ஆகும். அதனால தென்சென்னையில ஒரு ஆபீஸ் டாய்லெட்ல நல்ல தண்ணியை ஃபிளஷ் பண்ணினா அது கரண்டையும் சேர்த்து ஃபிளஷ் பண்றது. ஏசி கூலிங் டவர் குடிக்கிற தண்ணி இன்னும் அதிகம். சுத்திகரிச்ச கழிவுநீரை இது ரெண்டுக்கும் திருப்பிவிடுறது சும்மா புள்ளிக்காகச் செய்ற வேலை இல்ல.

வர்ற தண்ணி இப்படி. போற தண்ணி? பள்ளிக்கரணை சதுப்புநிலத்துத் தண்ணி ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாயில இறங்கி, தெற்கே வந்து, முட்டுக்காடு முகத்துவாரத்துல, அதாவது எங்க ஊர் ஓரமா, கடல்ல சேரும். மேல நிலத்துல காங்கிரீட் போடப் போட இங்க தண்ணி வேகமா வரும், மொத்தமா வரும். 2015 டிசம்பர்ல இந்தப் பகுதி எப்படி மிதந்துச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. வெள்ளம் வடிஞ்ச பிறகு எங்க முகாம்ல வரிசை நிக்கும். வயித்துப்போக்கு, சேத்துப்புண், எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின். அந்த வரிசையில ஐடி ஆளுங்க குறைவு. அவங்க கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குற அக்காக்கள் அதிகம்.

இதனாலதான் உயரமா கட்டுறதை நான் எதிர்க்கல. எல்ஐசி 1959ல 14 மாடி எழுப்பின நாள்ல இருந்து சென்னைக்கு உசரம் பிடிக்கும். சதுப்புநிலத்துப் பக்கம் கட்டித்தான் ஆகணும்னா மேல போறதுதான் நல்லது, ஆனா கீழ நிலத்தைத் தண்ணிக்கு விட்டுக் கொடுத்தா மட்டும். 20 மாடி ஏறிட்டு, மனை முழுக்க பார்க்கிங் அடித்தளமும் டைல்ஸும் போட்டா உசரத்தால ஊருக்கு என்ன லாபம்?

கடைசியா கட்டடத்தோட ஆயுள். சிமென்ட், கம்பி, கண்ணாடி செய்யவே ஏகப்பட்ட எரிபொருள் போகுது. ஒரு கட்டடம் எவ்ளோ காலம் உபயோகப்படுதோ அந்த அளவுக்கு அந்தச் செலவு நியாயமாகும். ஓமந்தூரார் வளாகத்துக் கட்டடத்தை எடுத்துக்கோங்க. ஜெர்மனியோட ஜிஎம்பி நிறுவனம் சட்டமன்றம், தலைமைச் செயலகத்துக்காக, பசுமைக் கட்டடமா வடிவமைச்சது. 2010 மார்ச்ல திறந்தாங்க. கோபுரம் முடியாததால திறப்பு விழாவுக்கு தோட்டா தரணி செட்டு போட்டார். 2011ல ஆட்சி மாறுச்சு, செயலகம் கோட்டைக்கே திரும்புச்சு. 2014 பிப்ரவரியில அதே கட்டடம் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆச்சு. அரசியல் பேச வரல, அரசு ஊழியன் நான். ஃபைல் வச்ச ஹால்கள்ல இன்னைக்கு ஆபரேஷன் நடக்குது. ஆஸ்பத்திரிக்குன்னு கட்டாததை ஆஸ்பத்திரியா மாத்துறது லேசு இல்ல, ஆக்சிஜன் குழாய், ஸ்டெரைல் காத்து, ஸ்ட்ரெச்சர் போற லிஃப்ட் எல்லாம் புதுசா யோசிக்கணும். ஆனா இடிக்காம இன்னொரு வேலைக்கு எடுத்துக்கிட்ட அந்த ஒரு விஷயத்துல அது ஓஎம்ஆரோட பல தகடுகளை விடப் பசுமை. சிறுசேரி கண்ணாடிக் கட்டடம் ஒண்ணை 30 வருஷம் கழிச்சு ஜன்னல் திறக்க முடியாத நிலையில வேற எதுக்கு மாத்துவீங்க?

கமென்ட்ல வரப்போற ரெண்டு கேள்விக்கு இப்பவே பதில்.

"அப்ப ஏசியே வேணாமா டாக்டர்?" வேணும். 26ல வச்சு மேல ஒரு ஃபேன் போடுங்க. தோல் மேல காத்து ஓடினா உடம்புக்கு ரெண்டு, மூணு டிகிரி கம்மியாத் தெரியும்.

"எங்க ஆபீஸை ஏற்கெனவே கட்டியாச்சே?" சரி, செய்யக்கூடியதை மட்டும் சொல்றேன். மேற்குக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் தட்டி மாட்ட முடியுமான்னு ஃபெசிலிட்டி டீமைக் கேளுங்க. உள்பக்க பிளைண்ட்ஸ் சூடு உள்ள வந்த பிறகுதான் தடுக்கும். செக்யூரிட்டி பூத்தைக் கட்டடத்தோட நிழலுக்கு நகர்த்தச் சொல்லுங்க, உட்கார ஒரு ஸ்டூல், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திவிட ஒரு ஆள். இதுக்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம்.

அப்புறம் டீம்ல காசு போட்டு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குங்க, சில ஆயிரம் ரூபாய்தான். வெளிக்காத்துல 420 பிபிஎம் கிட்ட காட்டும். ஹாலுக்குள்ள 1000 தாண்டினா பக்கத்து சீட்டுக்காரர் விட்ட மூச்சைத்தான் நீங்க திரும்ப இழுக்கிறீங்கன்னு அர்த்தம். ஆள் நிறைஞ்ச ஒரு நாள்ல காலை 10 மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் 4 மணிக்கு ஒண்ணு, ரீடிங் எடுத்துக் கீழ போடுங்க. கம்பெனி பேர் வேண்டாம், எத்தனையாவது மாடின்னு மட்டும் எழுதுங்க. டூட்டி முடிஞ்சு வந்து ஒவ்வொண்ணா பார்க்கிறேன்.